பெயரை மாற்றினேன், செருப்பை மாற்றவில்லை

பஸ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். யாரும் ஏறவில்லை.

தோட்டத்து முச்சந்தியில் அந்த நேரத்துக்கு எப்போதும் ஒரு தள்ளுமுள்ளு இருக்கும். சன்னல் சீட்டுக்கு அடிதடி. ஈரத் தலைமுடி, பவுடர் வாசனை, சாப்பாட்டுச் சட்டிகள் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம். அந்தத் திங்கட்கிழமை விடியலில் ஒன்றையும் காணோம். பெண்கள் எல்லாரும் மளிகைக் கடையின் தகரத் தாழ்வாரத்தில் கும்பலாக நின்றுகொண்டு பஸ்ஸின் டயர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னாம்மா, இன்னிக்கி லீவா?" என்று கேட்டேன்.

கால்வாயில் தவளைகள் கத்தின. கடைசியில் தேவகி முன்னால் வந்தாள். அந்த பஸ்ஸில் வருகிறவர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே வாய் தேவகி. இடைநிலைப் பள்ளியில் ஐந்தாம் படிவம் வரை படித்தவள். கையில் முந்தின நாள் ஞாயிறு பத்திரிகையைச் சுருட்டி வைத்திருந்தாள்.

"அண்ணே, இது நீங்க எழுதுனதுதானே?"

"ஆமா."

"இந்த பஸ்சு நம்ப பஸ்சுதானே?"

"அது கதைலா தேவகி."

"கோர்னரு நம்ப முனியாண்டி கோர்னருதானே?"

நான் அவள் கையில் சுருட்டியிருந்த பத்திரிகையைப் பார்த்தேன்.

"அப்ப நாங்க எப்படிண்ணே ஏறுறது? நீங்கதான் எல்லாரையும் ஒட்டுமொத்தமா பள்ளத்துல தள்ளிச் சாவடிச்சிட்டீங்களே!"

பின்னால் சிரிப்பு எழுந்தது. ஆனால் ஒரு கால்கூட நகரவில்லை. சிரித்துக்கொண்டே பயப்படுவது எங்கள் ஆட்களின் வழக்கம். சிரிக்காமலே பயப்படுகிறவன் நான்.

ஒரு வயதான அக்கா பிளாஸ்டிக் பையிலிருந்து எலுமிச்சம்பழங்களை எடுத்தார். வீட்டிலிருந்தே கொண்டுவந்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமையே கூடிப் பேசி முடிவெடுத்துவிட்டார்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. டயருக்கு ஒன்றாக வைத்தார். "ஓட்டு தம்பி, நசுங்கற சத்தம் எங்களுக்குக் கேக்கணும்" என்றார். ஓட்டினேன். அந்தச் சத்தம் எனக்கும் கேட்டது.

அதற்குப் பிறகு ஏறினார்கள். கண்ணாடியைச் சரி செய்தபோது என் முதுகுக்கு நேர் பின்னால் இருந்த சீட் காலியாகக் கிடந்தது. அது சரசுவின் இடம்.

ஸ்டியரிங் மேல் ஒரு தகர மூடி

இந்தத் தொடரை முதல் வாரத்திலிருந்து படிப்பவர்களுக்குத் தெரியும்: நான் பள்ளிக்கூடம் முடிக்காதவன். தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்தேன். ஜாசின் பட்டணத்தில், மலாய்ப் பள்ளிக்கு மாறுகிறவர்களுக்கான புகுமுக வகுப்புக்குப் போனேன். அங்கே எழுந்து நின்று மலாயில் வாசிக்கச் சொன்னார்கள். என் முறை வருவதற்கு இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டே இருப்பேன். நெருங்க நெருங்க எண்ணிக்கை தப்பி, மறுபடி முதலிலிருந்து தொடங்குவேன். அந்த எண்ணிக்கையைத் தாங்க முடியாமல்தான் பள்ளியை விட்டு நின்றேன். வறுமையால் நின்றேன் என்று மேடையில் சொல்வது சுலபம். பயத்தால் நின்றேன் என்பதே நிஜம்.

இந்த பஸ் விவகாரம் நடந்தது தொண்ணூறுகளில் ஏதோ ஒரு வருஷம். மலாக்கா பக்கம் ஆயர் குரோவில் புதிது புதிதாகத் தொழிற்சாலைகள் திறந்தார்கள். தோட்டத்துப் பெண்கள் ரப்பர் பால்வாளியை வைத்துவிட்டு நீலச் சட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். அவர்களை ஏற்றிக்கொண்டு போகும் பஸ்ஸை நான் ஓட்டினேன். காலை ஷிப்டை இறக்கிவிட்டு, இரவு ஷிப்டைத் தோட்டத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, மறுபடி ஆயர் குரோவுக்கு வந்து தொழிற்சாலை வேலியோரம் அங்சானா மரத்தடியில் பஸ்ஸை நிறுத்துவேன். மதிய ஷிப்ட் வரை அந்த இடம் எனக்குத்தான். பிஸ்கட் டின் மூடியை ஸ்டியரிங்கில் சாய்த்து, அதன்மேல் தாளை வைத்து எழுதுவேன். மரம் பூத்திருந்தால் சன்னல் வழியாக மஞ்சள் பூ உதிர்ந்து தாளில் விழும். ஊதிவிட்டு எழுதுவேன்.

சில மாதங்களுக்கு முன் மலாக்காவில் ஒரு கூட்டத்தில் ஓர் இளம்பெண் எழுந்து கேட்டாள்: "ஐயா, எழுதுறவங்க மனசை எப்படிப் பாத்துக்கணும்?"

எனக்கு வியர்த்துவிட்டது. "நல்லாத் தூங்கணும்மா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். கைதட்டினார்கள். நான் வாழ்நாளில் நன்றாகத் தூங்கியவன் இல்லை. அந்தப் பெண்ணுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் இந்த பஸ்ஸில்தான் இருக்கிறது.

என் சட்டமும் அவர்கள் சட்டமும்

முனியாண்டி கோர்னர் என்பது ஜாசினைத் தாண்டி வரும் ஒரு வளைவு. ஒரு பக்கம் மேடு. மேட்டில் வேலும் சூலமும் நட்ட சின்னக் கோயில். மறுபக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காடு இறங்கும் பள்ளம். எங்கள் ஆட்கள் யார் வண்டி ஓட்டினாலும் அங்கே ஹார்ன் அடித்துவிட்டுத்தான் திரும்புவார்கள். எதிரே வரும் வண்டிக்காகவும், சாமிக்காகவும்.

அந்த வளைவு என்னை ஒவ்வொரு நாளும் கொன்றது. பின்னால் ஒரு பஸ் நிறைய பெண்கள், பாதித் தூக்கத்தில் தலையைச் சன்னலில் இடித்துக்கொண்டு. பிரேக் பிடிக்காவிட்டால்? செம்பனை லாரி நடு ரோட்டில் வந்தால்? மழையில் சேறு வழுக்கினால்?

இங்கே என் சின்ன வயதுச் சட்டம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சிறுவனாக இருந்தபோது காலையில் ரப்பர் நிரையில் பால் வெட்டும் அம்மாவுக்குக் கோப்பி கொண்டுபோவேன். இருட்டு விலகியிருக்காது. புலி வந்தால் என்ன நடக்கும் என்று முழுசாக நினைத்துப் பார்ப்பேன். எந்த மரத்துக்குப் பின்னாலிருந்து வரும், எங்கே கடிக்கும், கோப்பிப் போத்தல் எங்கே விழும், எல்லாம். நினைத்து முடித்துவிட்டால் புலி வராது. வந்ததும் இல்லை. பாம்பையும் நினைத்தேன். காற்றில் முறிந்து விழும் கிளையையும் நினைத்தேன். அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

நான் நினைத்துப் பார்க்காதது குளிக்கும் இடத்துச் சிமெண்டுத் தரையை மட்டும்தான். அம்மா அதில்தான் வழுக்கி விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போனவர் வீடு திரும்பவில்லை.

அதற்குப் பிறகு எதையும் விட்டுவைப்பதில்லை என்று ஆகிவிட்டது. எது நடக்கக்கூடாதோ அதை அணு அணுவாக யோசித்துவிடுவேன். வளர்ந்த பிறகு யோசிப்பதோடு எழுதவும் தொடங்கினேன். எழுதினால் பூட்டுப் போட்டது மாதிரி. அந்த நிம்மதியில்தான் பஸ் கவிழ்கிற கதையை எழுதினேன். கவிழக்கூடாது என்பதற்காகவே கவிழ்த்தேன்.

பெண்களின் சட்டம் அதற்கு நேர் எதிர். கெட்டதை வாயால் சொல்லக்கூடாது. சொன்னால் நடக்கும். எழுதி, அச்சடித்து, வீடு வீடாகக் கொண்டுபோய்ப் போட்டால் நடந்தே தீரும்.

திங்கட்கிழமை வரை என் சட்டத்தை நான் நம்பினேன். எலுமிச்சம்பழம் நசுங்கிய பிறகு எது சரி என்று எனக்கே தெரியவில்லை. அன்றைக்கு முனியாண்டி கோர்னரில் என் கை ஸ்டியரிங்கில் வழுக்கியது. சிலுவாரின் தொடைப் பக்கத்தில் துடைத்துக்கொண்டு, ஆள் நடக்கும் வேகத்தில் திருப்பினேன். பின்னால் ஒருவரும் தூங்கவில்லை.

வாசலில் கிடந்தது

சரசு மறுநாளும் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

"அவங்க அம்மா அனுப்ப மாட்டேங்கறாங்கண்ணே," என்றாள் தேவகி. "சூப்பர்வைசரு நேத்தே கேட்டுட்டாரு. இப்படியே போனா வாரக் கடைசியில பேர வெட்டிருவாங்க."

"ஏன், நீங்கள்லாம் வரலியா?"

"எங்கள நீங்க சும்மாதான் சாவடிச்சீங்க. அவளத்தானே அடையாளத்தோட சாவடிச்சீங்க."

கதையின் முடிவில் ஒரு பெண்ணை மட்டும் முகத்தை வைத்து அடையாளம் காண முடியாது. அவள் அம்மா சேற்றில் கிடக்கும் ஒற்றைச் செருப்பைக் கையில் எடுக்கிறாள். ரோஸ் நிறச் செருப்பு. மேலே வெள்ளைப் பிளாஸ்டிக் பூ, அதில் ஓர் இதழ் உடைந்தது. "இது எம் புள்ளையோடது" என்கிறாள். அதோடு கதை முடிகிறது.

சரசு அந்தச் செருப்பை பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கியிருந்தாள். எனக்குப் பின்னால் உட்காருகிறவள் அவள். பேசமாட்டாள். ஒவ்வொரு நாளும் அவள் படியில் ஏறும்போது முதலில் அந்தப் பூவைத்தான் பார்ப்பேன். எழுத உட்கார்ந்தபோது கைக்கு அதுதான் வந்தது. கதையில் எல்லாருடைய பெயரையும் கவனமாக மாற்றியிருந்தேன். செருப்பை மாற்ற வேண்டும் என்று தோன்றவில்லை.

எங்கள் தோட்டங்களில் ஞாயிறு பத்திரிகையை அவரவர் தனியாகப் படிப்பதில்லை. மளிகைக் கடை பெஞ்சில் ஒருவர் படிக்க, மற்றவர்கள் கேட்பார்கள். அந்த ஞாயிறு தேவகி படித்திருக்கிறாள். சரசுவின் அம்மா முனியம்மா முன் வரிசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்.

தேவகி சொன்ன அன்றே மதியத்துக்குப் பிறகு அவர்கள் வீட்டுக்குப் போனேன். முனியம்மா அக்கா வாசற்படியில் உட்கார்ந்து நெத்திலித் தலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தார். தோட்டத்தில் களைக்கொல்லி அடிக்கும் வேலை அவருக்கு. விரல் நகங்கள் மஞ்சளாக இருந்தன. கணவர் இல்லை. சரசுவின் சம்பளத்தில்தான் அந்த வீடு நிமிர்ந்து நின்றது.

"அக்கா, பசியாறிட்டீங்களா?" என்று ஆரம்பித்தேன். எங்கள் பக்கம் பசியாறுவது என்றால் காலைச் சாப்பாடு; அப்போது மதியம் தாண்டியிருந்தது. பயத்தில் வாய்க்கு வந்தது அதுதான்.

அவர் நிமிரவில்லை. ஒரு தலை கிள்ளப்பட்டது.

"அது கதைக்கா. வெறும் கற்பனை."

"கற்பனைன்னா?"

"இல்லாத ஒண்ணு."

"எம் மவ செருப்பு அந்தா கெடக்குது. இல்லாததா அது?"

பார்த்தேன். வாசலோரம் ஜோடியாக இருந்தது. பக்கத்தில் ஒரு பூனை படுத்திருந்தது.

"ஒரு வேலை செய் தம்பி. அவளப் பொழைக்க வச்சி எழுது. பேப்பர்ல வரட்டும். தேவகி படிக்கட்டும். எங் காதால கேட்ட பொறவு அனுப்புறேன்."

"பேப்பர்ல வர வாரக் கணக்கா ஆகும்க்கா. அதுக்குள்ள வேல போயிரும்."

"வேலைதானே போவும்?" என்றார்.

மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பியபோது வீட்டுப் பக்கவாட்டில் சரசு நின்றிருந்தாள். முதல் முறையாக அவள் குரலைச் சேர்ந்தாற்போலக் கேட்டேன்.

"அண்ணே, சாவுறதுக்கு எனக்குப் பயமில்ல. அந்த அம்மா செருப்ப எடுத்து எம் புள்ளையோடதுன்னு சொல்றாங்கல்ல, அத தேவகி படிச்சப்ப நான் எங்கம்மா மொகத்தப் பாத்துட்டேன். அதுதான். அவங்கள மீறி என்னால பஸ் ஏற முடியாது."

கை ஓடவில்லை

அங்சானா மரத்தடியில் தகர மூடியைச் சாய்த்து உட்கார்ந்தேன். பிழைக்க வைக்கிற கதை. அதில் என்ன கஷ்டம்?

'மழை பெய்தது' என்று எழுதினேன். எழுதியதும் தலையை வெளியே நீட்டி வானத்தைப் பார்த்தேன். வெயில்தான். இருந்தாலும் அடித்தேன். 'ஒரு கிழவர் இருமினார்' என்று எழுதினேன். என் மாமனார் செர்காமில் தனியாக இருந்தார். அடித்தேன். 'குழந்தை ஓடியது' என்று எழுதிவிட்டுத் தாளையே கிழித்தேன். ஓடுகிற குழந்தை எங்கே ஓடும்? ரோட்டுக்குத்தானே.

ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஓர் உயிர் நின்றுகொண்டு என்னைப் பார்த்தது. அந்த வாரம் நான் எழுதியதைவிட அடித்தது அதிகம்.

எழுதாததெல்லாம் வயிற்றுக்கு இறங்கியது. நெஞ்சுக்குக் கீழே ஒரு கட்டி எரிந்தது. கிளினிக்கில் டாக்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்து, "காஸ்திரிக். ஜாங்ஙான் பிக்கிர் பாஞ்ஞாக்" என்றார். நிறைய யோசிக்காதே என்று அர்த்தம். மிட்டாய் வாசனையில் ஒரு வெள்ளை மருந்தும் கொடுத்தார். கடல் காற்று வாங்கினால் நல்லது என்றும் சொன்னார்.

என் மனைவி பாக்கியம் அதை அப்படியே பிடித்துக்கொண்டு பிள்ளைகளோடு என்னைக் கிளேபாங் கடற்கரைக்குக் கூட்டிப்போனாள். சாலையோரக் கடையில் மீ கோரிங் வாங்கித் தின்றோம். பிள்ளைகள் தண்ணீரில் இறங்கினார்கள். நான் கரையில் நின்று அவர்கள் தலைகளையே எண்ணிக்கொண்டிருந்தேன். ஓர் அலைக்கு ஒரு தலை மறைந்தால் என் மூச்சு நின்றது. காற்று வாங்கப் போனவன் இருந்த காற்றையும் இழந்து திரும்பினேன்.

வீட்டுக்கு வந்ததும் கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்த்தேன். கதவைப் பார்த்தேன். திரும்பவும் கேஸைப் பார்த்தேன். பாக்கியம் கையில் கரண்டியோடு சமையற்கட்டு வாசலை மறித்து நின்றாள்.

"எழுதித் தொலைங்க," என்றாள்.

"எழுதுனதுனாலதான் இவ்வளவும்."

"எழுதாததுனாலதான் இவ்வளவும். நீங்க எழுதற வாரத்துல கேஸ ஒரு வாட்டி பாப்பீங்க, படுப்பீங்க. இந்த வாரம் வீட்ல யாராச்சும் நிம்மதியா இருந்தோமா? ஒங்க பயம் பேப்பர்ல இருந்தா அது பாட்டுக்கு இருக்கும். வீட்டுக்குள்ள வந்துட்டா நான்தானே அதுக்கும் சேத்து ஒல வைக்கணும்?"

எழுத்தைப் பற்றிப் பெரிய பெரிய ஆட்கள் பேசியதை எல்லாம் அதற்குப் பிறகு கேட்டிருக்கிறேன். அந்தக் கரண்டி அளவுக்கு எதுவும் எனக்குத் துணை வந்ததில்லை. அப்போது என்னவோ கோபம்தான் வந்தது. கோபத்தில் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதி முடித்தேன்.

எல்லாரும் பிழைத்த கதை

மறுநாள் காலை கொஞ்சம் முன்னதாகவே ஆயர் குரோ வந்துவிட்டோம். தொழிற்சாலை வாசலில் பஸ்ஸை நிறுத்தி, எழுந்து திரும்பி நின்று, எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். எழுந்து நின்று வாசிப்பது எனக்கு எப்படிப்பட்டது என்று மேலே சொல்லியிருக்கிறேன். தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு தொடங்கினேன்.

கதையில் பஸ் வழுக்கியது, ஆனால் ஒரு செம்பனை மரம் தாங்கிக்கொண்டது. பக்கத்துக் கிராமத்து மலாய்க்காரர் ஒருவர் கயிறு கட்டி எல்லாரையும் மேலே தூக்கினார். யாருக்கும் சிராய்ப்புகூட இல்லை. சூப்பர்வைசர் ஓடிவந்து எல்லாருக்கும் லீவு கொடுத்தார். அந்தப் பெண்ணின் செருப்பைக் கழுவி அவள் காலிலேயே மாட்டிவிட்டார்கள். கடைசியில் ஓர் இன்ஜினியர் மாப்பிள்ளையும் வந்தார்.

படித்து முடித்தேன். யாரோ கொட்டாவி விட்டார்கள்.

"அண்ணே, அந்த இன்ஜினியரு மதிய ஷிப்டா, காலை ஷிப்டா? நான் மாறிக்கிறேன்," என்றாள் பின் சீட்டில் ஒருத்தி. பஸ்ஸே குலுங்கியது.

"சூப்பர்வைசரு லீவு குடுத்தாராம்லா! ஆண்டவா, இதுக்கு பஸ் கவுந்ததே தேவல."

தேவகி மட்டும் சிரிக்கவில்லை.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. அந்தக் கதையில நாங்க எல்லாரும் செத்தோம், ஆனா அதுவரைக்கும் உயிரோட இருந்தோம். பேச்சு, சண்ட, சாப்பாட்டுச் சட்டி எல்லாம் இருந்துச்சி. இதுல எல்லாரும் பொழைச்சிட்டோம், ஆனா உயிரோட ஒருத்தரும் இல்ல." இறங்கும்போது படியில் நின்று சொன்னாள்: "இத முனியம்மா அக்காகிட்ட கொண்டு போகாதீங்க. அந்த மூஞ்சிய பாத்துக்கிட்டு என்னால இதப் படிக்க முடியாது."

அவர்கள் போன பிறகு தாளை மடித்துச் சீட்டுக்கடியில் போட்டேன். பயத்தை மறைத்துவிட்டு எழுதினால் பயம் போவதில்லை, மனிதர்கள்தான் போய்விடுகிறார்கள். இதை நான் இப்போது இவ்வளவு தெளிவாகச் சொல்கிறேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், சரசுவின் பெயரை வெட்ட இன்னும் ஒரு நாள்தான் மிச்சம் என்பது.

முன் சீட்டு

பாக்கியம்தான் அன்று சாயங்காலம் முனியம்மா அக்கா வீட்டுக்குப் போனாள். என்னை வரக்கூடாது என்று சொல்லிவிட்டாள். திரும்பி வந்து சொன்னாள்:

"நாளைக்கு அந்த அக்காவும் பஸ்ல வராங்க. மக கூடவே."

"பேக்டரி பஸ்ல வெளியாள ஏத்தக்கூடாதுலா! பஸ் மொதலாளி தவுக்கேக்குத் தெரிஞ்சா என் வேல போயிரும்."

"கதைய கேட்டு என்னா ஆவப்போவுது? நீங்க எப்படி ஓட்டுறீங்கன்னு அவங்க கண்ணால பாக்கட்டும். பாத்துட்டு அனுப்புறதா இருந்தா அனுப்பட்டும்."

அன்று நான் படுத்தேன் என்றுதான் சொல்ல முடியும்.

காலையில் தூறல். முச்சந்தியில் முனியம்மா அக்கா மடிப்புக் கலையாத சேலையில், கோயிலுக்குப் புறப்பட்டவர் மாதிரி நின்றிருந்தார். பின்னால் சரசு, அதே செருப்பில். அம்மாதான் அதையே போடச் சொன்னாராம். இருவரும் ஏறினார்கள். மகள் என் முதுகுக்குப் பின்னால் தன் இடத்தில் உட்கார்ந்தாள். அம்மா இடது பக்க முன் சீட்டில், என் கைகள் நன்றாகத் தெரிகிற மாதிரி.

எல்லாரும் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். தேவகிகூட.

தவுக்கேயின் வெள்ளைக் கார் எங்காவது தென்படுகிறதா என்று பார்த்தேன். பிரேக்கை வேண்டுமென்றே இரண்டு இடத்தில் மிதித்துப் பார்த்தேன். ஜாசினைத் தாண்டியதும் தூறல் மழையாகிவிட்டது. வைப்பர் ஒரு பக்கம் மட்டும்தான் ஒழுங்காகத் துடைத்தது. அந்த வழியே கோயில் மேட்டின் சூலம் தெரிந்தது. ஹார்ன் அடித்தேன். கியரைக் குறைத்துத் திருப்பத் தொடங்கினேன்.

எதிரே செம்பனைக் குலை ஏற்றிய லாரி. நடு ரோட்டில்.

நான் ஒன்றும் சாமர்த்தியம் செய்யவில்லை. ஊர்ந்துகொண்டிருந்ததால் நிறுத்த முடிந்தது, அவ்வளவுதான். பஸ் நின்றது. லாரி சேற்றை வாரி என் சன்னலில் அடித்துவிட்டு ஒரு கை அகலத்தில் கடந்து போனது. என் கால் பிரேக்கிலிருந்து வரமாட்டேன் என்றது. அதை முனியம்மா அக்கா பார்த்தார். நான் பயந்தாங்கொள்ளி என்பது ஒளிவுமறைவில்லாமல் அந்தச் சீட்டிலிருந்து தெரிந்திருக்கும்.

அவர் சேலைத் தலைப்பை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். நான் பஸ்ஸை எடுத்தேன்.

ஆயர் குரோவில் சரசு இறங்கி மற்றவர்களோடு வாசலுக்குள் போனாள். அவள் அம்மா சன்னலைத் துடைத்து, உருவம் மறையும்வரை பார்த்தார். இரவு ஷிப்ட் பெண்கள் ஏறினார்கள். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் எல்லாரும் தூங்கிவிட்டார்கள். திரும்புகிற வழியில் விழித்திருந்தது நாங்கள் இருவர்தான்.

"நாளையிலேருந்து அவ தனியா வருவா," என்றார் முனியம்மா அக்கா.

"சரிக்கா."

"நீ பயந்து பயந்து ஓட்டுறே. அப்படித்தான் ஓட்டணும். தைரியமா ஓட்டுறவன நம்பி நான் அனுப்ப மாட்டேன்."

கொஞ்ச தூரம் போனோம். மழை விட்டிருந்தது.

"தம்பி, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுங்கக்கா."

"அந்தச் செருப்பப் பாத்து எம் புள்ளையோடதுன்னு சொன்னாளே அந்தப் பொம்பள, அப்புறம் அவ என்னா ஆனா?"

"அதோட கதை முடிஞ்சிருச்சிக்கா."

"ஒனக்கு முடிஞ்சிருச்சி. அவளுக்கு?"

நான் ரோட்டையே பார்த்தேன்.

"கையில செருப்போட நடு ரோட்டுல நிக்க வச்சிட்டு நீ பாட்டுக்கு எழுந்து போயிட்டே. நான் ஒரு வாரமா அவள நெனச்சிக்கிட்டு இருக்கேன். வீட்டுக்குப் போனாளா இல்லியா? யாரு கூட்டிட்டுப் போனா?"

எத்தனை சாவுகளை நான் யோசித்திருக்கிறேன். புலி, பாம்பு, பிரேக், லாரி, கடல். எல்லாம் விழுகிற இடத்தில் வந்து நின்றுவிடும். அதற்கு மறுநாள் என்று ஒன்று இருப்பதாக என் பயம் ஒருநாளும் எனக்குக் காட்டியதில்லை. பயத்துக்கு அதைத் தாண்டி வழி தெரியாது. கதை சொல்கிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"பக்கத்து வீட்டுக்காரி," என்றேன். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. "பக்கத்து வீட்டுக்காரி வந்து கையப் புடிச்சி கூட்டிட்டுப் போனா."

"ம்."

"ரெண்டு பேரும் பேசிக்கல. நடந்தே போனாங்க."

"அவ்ளோ தூரமா?"

"யாரோ ஒருத்தரு காடி நிப்பாட்டுனாரு. அவ ஏறல. காடின்னாலே பயம்."

"ஆமா. ஏற மாட்டா." கொஞ்சம் யோசித்தார். "வீட்ல அடுப்பு பத்த வச்சாளா?"

"சாவு வீட்ல எப்படிக்கா?"

"சரி, சும்மா கேட்டேன். ஒனக்குத் தெரியுதான்னு பாத்தேன். மறுநாளு?"

மறுநாள் அவள் எழுந்ததைச் சொன்னேன். மகளின் நீலச் சட்டை கொடியில் காய்ந்துகிடந்ததைச் சொன்னேன். அதை எடுப்பதா வேண்டாமா என்று அவள் நின்றதைச் சொன்னேன். "எடுக்க மாட்டா," என்றார் முனியம்மா அக்கா உறுதியாக. "மழ வந்தா மட்டும் எடுப்பா." சரி என்று மழையை வரவழைத்தேன். வானத்தை நிமிர்ந்து பார்க்கத் தோன்றவில்லை.

முச்சந்தி வந்தது. தூங்கியவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். முனியம்மா அக்கா நகரவில்லை.

"எடம் வந்துருச்சிக்கா. எறங்கலியா?"

"எப்படி எறங்குறது?" என்றார். "அவ இன்னும் ஒரு வாய் சாப்பிடலியே."

அடுத்த வரி எனக்குத் தெரியாது. பயமாகத்தான் இருந்தது. இன்ஜினை அணைத்துவிட்டு, அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.